டங்கிளியோஸ்டியஸ் மண்டை ஓடு, ரெசின் வார்ப்பு: எலும்பு சரி, கடி சரியில்லை

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டென்டல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்க்கு செட் பல்லும் கேப்பும் செய்து கொடுப்பது இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. மீன் ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தாடையைக் கையில் கொடுத்தாலும் முதலில் மேலையும் கீழையும் சேர்த்துக் கடிக்கவைத்துப் பார்த்துவிடுவேன், அது கைப்பழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வாங்கிய இந்த மீன் மண்டை ஓட்டு வார்ப்பில் எனக்குள்ள பெரிய குறை முழுக்க அந்தக் கடியில்தான் இருக்கிறது. வேறு யாராவது வாங்கியிருந்தால் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார்கள்.

வாங்கியது எனக்காக இல்லை. அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், வந்த நாளிலிருந்து பழங்கால மிருகம் என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். எல்லாப் பிள்ளைகளையும் போல டைனோசர் கேட்பான் என்று பார்த்தால், இவன் கேட்டது மீன். அதுவும் தலையில் இரும்புத் தொப்பி மாட்டியது போல எலும்புத் தட்டுகள் போர்த்திய ஒரு மீன், டங்கிளியோஸ்டியஸ். 4,650 ரூபாய்க்கு மண்டை ஓடு, கூட 1,200 ரூபாய்க்கு ஒரு கல் தகடு, அதற்குப் பின்னால் வருகிறேன். விற்றது ஓர் ஆன்லைன் கடை, பெயர் வேண்டாம். ஒன்பது நாளில் கூரியரில் வந்தது. பெட்டி ஒரு மூலையில் நசுங்கியிருந்தது, உள்ளே தெர்மாகோல் நிறைய வைத்திருந்ததால் பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே, கோட்டியா பிடிச்சிருக்கு உனக்கு? அஞ்சாயிரத்துக்குக் கருவாட்டுத் தலை வாங்கி வச்சிருக்க?" என்று கேட்டாள்.

கருவாட்டுத் தலை என்று அவள் சொன்னது நிறத்தை வைத்து. கடைப் படத்தில் நல்ல கருப்புச் சாம்பல், வந்தது அல்வா ஆறிப்போனால் வருமே அந்தப் பழுப்பு. பெயின்ட் தடிமனாக அடித்திருக்கிறார்கள், எலும்புத் தட்டுகள் சேரும் கோடுகளில் சில இடம் அடைபட்டுக் கிடக்கிறது. நீளம் என் ஸ்கேலில் 22 சென்டிமீட்டர். உண்மையான மண்டையை எத்தனையில் ஒன்றாகச் சிறிதாக்கினார்கள் என்று பெட்டியிலும் இல்லை, கூட வந்த தாளிலும் இல்லை. இந்த விலைக்கு விற்கிறவன் அந்த ஒரு எண்ணையாவது போட்டிருக்கலாம்.

வார்ப்பு வேலைக்கு வருவோம், அது நன்றாகவே இருக்கிறது. உள்பக்கம் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய வரிவரியாகத் தெரிகிறது. முதலில் த்ரீ-டி பிரின்ட் எடுத்து, அதிலிருந்து சிலிகோன் அச்சு செய்து, ரெசின் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது எங்கள் தொழிலிலும் அதே கதைதான். வலது கண்ணுக்குக் கீழே இரண்டு ஏர் பபிள், தாடைக்கு அடியில் அச்சு சேர்ந்த கோடு சீவாமல் விட்டது, இவ்வளவுதான் குறை. கண்ணைச் சுற்றி இருக்கும் எலும்பு வளையம் தனியாகத் தெரிகிறது. மண்டைத் தட்டுகளின் மேல் ஓடும் வாய்க்கால் போன்ற பள்ளங்களையும் விட்டுவிடவில்லை. உவரியிலிருந்து வரும் பாரை மீனைக் கழுவும்போது விலாவில் வால் வரைக்கும் ஒரு கோடு போவதைப் பார்த்திருப்பீர்கள், தண்ணீர் அசைவதை மீன் அந்தக் கோட்டை வைத்துத்தான் உணரும். இதற்கு அதே வேலை செய்யும் பள்ளங்கள் தலைத் தட்டின் மேலேயே இருக்கின்றன. விரலை வைத்தால் தடவித் தெரிந்துகொள்ளலாம், மருமகன் அதைத்தான் பத்து நிமிஷம் செய்துகொண்டிருந்தான்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் ஆத்திரம் புரியாது. இது வாழ்ந்த டெவோனியன் என்பது சுமார் 41.9 கோடி வருடத்துக்கு முன்பிருந்து 35.9 கோடி வருடத்துக்கு முன்பு வரைக்குமான காலம். அப்போது வருடத்துக்கு ஏறக்குறைய 400 நாள், பூமி இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பவளத்தில் ஒரு நாளைக்கு ஒன்றாக விழுந்த வளர்ச்சி வரிகளை எண்ணிப் பார்த்து 1963இல் ஜான் வெல்ஸ் சொன்ன கணக்கு இது. அந்தக் கடல்களில் கொடிகட்டிப் பறந்தவை பிளாக்கோடெர்ம்கள், தட்டுத்தோல் மீன்கள். தலையும் தோளும் எலும்புக் கவசம், பின்னால் வால்பக்கம் வெறும் உடம்பு. டெவோனியன் முடிந்தபோது இவையும் மொத்தமாக முடிந்துபோயின, ஒன்றுகூட மிஞ்சவில்லை. டங்கிளியோஸ்டியஸ் அந்தக் கடைசிக் கட்டத்து ஆள். 1867இல் ஜே டெரெல் என்பவர் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஈரி ஏரிக்கரைக் களிப்பாறையில் இதன் எலும்பைக் கண்டுபிடித்தார். இப்போதுள்ள பெயர் 1956இல் வைத்தது, கிளீவ்லாந்து அருங்காட்சியகத்து டேவிட் டங்கிளைக் கௌரவித்து.

நம் ஊரில் தோண்டினால் கிடைக்காதா என்று மருமகன் கேட்டான். கிடைக்காது. திருநெல்வேலிச் சீமையில் நம் காலடியில் கிடக்கும் பாறை அந்த மீனைவிட ரொம்பவே பழசு, பூமிக்கு அடியில் வெந்து உருமாறி வந்தது, அதில் எந்த எலும்பும் இருக்க வழியில்லை. அதனால் காசு கொடுத்து வார்ப்பு வாங்கத்தான் வேண்டும்.

சரி, தாடை. இந்த மீனுக்குப் பல்லே கிடையாது. என் தொழிலில் இருப்பவனுக்கு இதைப் படித்ததும் தூக்கம் வராது. ஈறில் முளைத்த பல் இல்லை, எனாமல் இல்லை. தாடை எலும்பின் தகடே முன்னால் கோரைப் பல் மாதிரிக் கூராகவும், பின்னால் கத்தி விளிம்பாகவும் இருக்கும். வாயை மூடும்போது மேல் தகடும் கீழ்த் தகடும் உரசிக்கொண்டு ஒன்றையொன்று கடந்து போகும், அந்த உரசலிலேயே சாணை பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆச்சி வைத்திருந்த பாக்குவெட்டியை நினைத்துப் பாருங்கள். மேல் விளிம்பு கீழ் விளிம்பின் மேல் நேராக உட்கார்ந்தால் பாக்கு நசுங்குமே தவிர துண்டாகாது, ஒரு மயிரிழை விலகி உரசிப் போனால்தான் வெட்டும். இந்த மீனின் வாய் முழுக்க அந்த வேலைதான்.

2007இல் ஆண்டர்சன், வெஸ்ட்னீட் என்று இரண்டு பேர் இந்த மண்டையை அளந்து கடி எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். முன் கூரில் 4,400 நியூட்டன், பின் விளிம்பில் 5,300. கிலோவில் சொன்னால் முன்னால் 450, பின்னால் 540 அளவுக்கு வருகிறது. கணக்கில் அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. வாயைத் திறக்க அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நமக்குக் கீழ்த்தாடை மட்டும் இறங்கும். இதற்குத் தலையும் மேலே தூக்கும். மண்டைக் கவசமும் தோள் கவசமும் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் குழிக்குள் குண்டு உட்கார்ந்தது போல ஒரு மூட்டு உண்டு, தலை அண்ணாந்துகொள்ள, தாடை அதே கணத்தில் கீழே விழும். திறக்கிற வேகத்தில் எதிரே இருக்கிற தண்ணீரும் அதில் இருக்கிற இரையும் உள்ளே இழுபடும், அப்புறம் பாக்குவெட்டி மூடும்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் பெட்டியைத் திறக்கிறேன். தலையையும் தோளையும் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்!

"அசையும் தாடை" என்று கடைப் பக்கத்தில் போட்டிருந்தது. அசைகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், இரண்டு பக்கமும் ஆணி ஒன்று குத்திக் கீழ்த்தாடையை மட்டும் ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மீனுக்கே உரிய அந்த மூட்டைத்தான் சாகடித்துவிட்டார்கள். மூடிப் பார்த்தேன். டொக் என்று விளிம்பின் மேல் விளிம்பு வந்து உட்காருகிறது. சந்தேகத்துக்கு நீலக் காகிதத்தை எடுத்தேன் (கேப் போட்டதும் டாக்டர் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வாரே, அந்தக் காகிதம்). நடுவில் வைத்து மூன்று தடவை கடிக்கவைத்தேன். இடதுபக்கம் பின்னால் ஒரே ஒரு புள்ளி நீலமாக விழுந்திருக்கிறது, வலதுபக்கம் எங்கும் தொடவில்லை, 3 மில்லிமீட்டர் இடைவெளி. மருமகன் லேபில் விளையாடி வளர்ந்தவன், பார்த்ததும், "மாமா, மீனுக்கு ஹை பாயின்ட்" என்றான் (ஒரே இடம் மட்டும் உயர்ந்து முதலில் இடிப்பதை அப்படித்தான் சொல்வோம்). இப்படி ஒரு செட்டை நான் டாக்டருக்கு அனுப்பியிருந்தால் அன்று சாயங்காலமே திரும்பி வந்திருக்கும்.

கூட வந்த தாளைப் பற்றி இரண்டு வார்த்தை. வழுவழு தாளில் கலர் படம் போட்டு, "டைனோசர் காலத்து ராட்சச மீன், நீளம் 10 மீட்டர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. டைனோசர் வந்ததே ஏறக்குறைய 23 கோடி வருடத்துக்கு முன்புதான், இந்த மீன் அதற்கு 12 கோடி வருடத்துக்கும் மேல் மூத்தது. நீளம் மட்டும் அவர்கள் சொந்தமாக அடித்துவிட்டது இல்லை, நெடுங்காலமாக எட்டு மீட்டர், பத்து மீட்டர் என்றுதான் சொல்லிவந்தார்கள். காரணம், பின்பக்க உடம்பு குருத்தெலும்பு, கல்லாகாமல் போய்விட்டது, கையில் இருப்பது தலை மட்டும், மீதியை அவரவர் ஊகித்தார்கள். 2023இல் ரஸ்ஸல் எங்கெல்மன் என்பவர், கண்ணிலிருந்து செவுள் மூடி வரைக்கும் உள்ள நீளத்துக்கும் மொத்த உடம்பு நீளத்துக்கும் மற்ற மீன்களில் என்ன பொருத்தம் என்று பார்த்து, இது சாதாரணமாக மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மிஞ்சிப்போனால் நான்கு மீட்டர் சொச்சம் என்று இறக்கிவிட்டார். நீளம் குறைந்தாலும் ஆள் சூரை மீன் மாதிரிக் கட்டையும் குட்டையுமாகத் தடித்தவன். இந்த முறை எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் நாங்களும் அதையேதான் செய்கிறோம். ஒரு பல்கூட இல்லாத பெரியவருக்கு செட் கட்டும்போது வாய் எவ்வளவு உயரத்தில் மூட வேண்டும் என்று எப்படித் தெரியும்? கண்மணியிலிருந்து வாயோரம் வரை எவ்வளவோ, மூக்கின் அடியிலிருந்து தாடை அடி வரை அவ்வளவு என்று அளந்து வைப்போம். இருப்பதை வைத்து இல்லாததைப் பிடிக்கிற கணக்கு. கடைக்காரர் அந்தத் தாளை இன்னும் மாற்றவில்லை.

இப்போது அந்தக் கல் தகடு. பாத்ரியோலெபிஸ் என்று இன்னொரு கவச மீன், கனடாவின் மிகுவாஷாவில் இவை மண்டிக் கிடக்கின்றன, அந்த இடம் 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஆனது. இதன் விசேஷம் கை. பக்கத் துடுப்பு இரண்டையும் எலும்புக் குழாய் மூடியிருக்கும், நடுவில் ஒரு மூட்டு, அப்படியே நண்டுக் கால். கண் இரண்டும் உச்சந்தலையில் ஒட்டி இருக்கும், வாய் அடிப்பக்கம். சேற்றில் மேய்கிற சாது. இதைக் கடையில் "அசல் புதைபடிவம், சான்றிதழுடன்" என்று போட்டிருந்தார்கள். 1,200 ரூபாய்க்கு அசல் வருமா என்று எனக்கு அப்போதே உறுத்தியது, ஆசை யாரை விட்டது.

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கல் என்றால் எடுத்தவுடன் சில்லென்று இருக்கும், இது இல்லை. விளிம்பில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஊசிமுனைக் குழிகள், எல்லாம் வட்ட வட்டமாக, நான் வருடக்கணக்காகச் சண்டை போடுகிற அதே ஏர் பபிள். அப்புறம் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அடிப்பக்கம் ஓரத்தில் வைத்தேன். புகைந்து உள்ளே இறங்கியது, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. பாறை உருகாது, நாறாது. சான்றிதழ் என்று வந்த அட்டையில் எந்த நாடு, எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு என்று எதுவும் இல்லை, தங்க நிறத்தில் ஒரு முத்திரை மட்டும் பளபள என்று இருக்கிறது. அசல் விற்கிறவன் முதலில் சொல்வது கிடைத்த இடத்தைத்தான், அது இல்லாத சான்றிதழை மடித்து ஆடுகிற மேஜைக்கு அடியில் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு முதலில் "சார், சர்டிபிகேட் உள்ளே இருக்கிறது பாருங்கள்" என்று பதில். ஊசி வீடியோவை அனுப்பியதும் இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் 1,200 ரூபாய் திரும்பி வந்தது, தகட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த விஷயத்தில் மேற்கொண்டு திட்ட மனம் வரவில்லை. வார்ப்பு என்று உண்மையைச் சொல்லி 300 ரூபாய்க்கு விற்றிருந்தால் நானே இரண்டு வாங்கியிருப்பேன், நண்டுக் கை அவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது.

இந்த நண்டுக்கை மீனின் உறவுக்கார மீன் ஒன்றை ஸ்காட்லாந்தில் கண்டெடுத்தவர் ஹியூ மில்லர் என்கிற கல்தச்சர், 1802இல் பிறந்தவர். செம்மணற்கல்லை உளியால் பிளக்கும்போது உள்ளே சிறகு வைத்தது போல ஒரு சாதி, மீனா வண்டா என்று யாருக்கும் புரியவில்லை. டெரிக்தியோடெஸ் மில்லெரி என்று இன்றும் அவர் பெயரில்தான் அது இருக்கிறது. அதே நாட்டில் தர்சோ ஊரில் ரொட்டிக் கடை வைத்திருந்த ராபர்ட் டிக் பெயரில் மைக்ரோபிராக்கியஸ் டிக்கி என்று விரல் நீளத்தில் இன்னொரு கவச மீன். அந்தக் குட்டைக் கை எதற்கு என்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்து, ஆணும் பெண்ணும் பக்கவாட்டில் கை கோத்துக்கொள்ளத்தான் என்று 2014இல் சொன்னார்கள். மருமகன் பக்கத்தில் இருந்ததால் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன். ஆஸ்திரேலியாவின் கோகோ பாறையில் கிடைத்த மேட்டர்பிஸிஸ் என்கிற கவச மீனைப் பற்றி மட்டும் அக்காவுக்குச் சொன்னேன். வயிற்றில் குட்டி, தொப்புள்கொடியோடு, 38 கோடி வருடம் கல்லுக்குள் இருந்தது, சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் மெதுவாகக் கரைத்து எலும்பை மட்டும் எடுத்து 2008இல் அறிவித்தார்கள். அதைக் கேட்டபிறகு அவள் அந்தத் தலையைக் கருவாடு என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு உள்ளே போனது வேறு ஒன்று. சீனாவின் யுன்னானில் கிடைத்த என்டெலோநேதஸ், 2013இல் வெளிவந்தது, வயது சுமார் 42 கோடி வருடம். பார்க்கக் கவச மீன், ஆனால் தாடையில் இருப்பது நம் தாடையில் இருக்கிற அதே எலும்புகள், மேலே மாக்ஸில்லா, கீழே டென்டரி. டங்கிளியோஸ்டியஸின் வாயில் இருப்பதோ வெறும் வெட்டும் தகடு. நான் தினமும் பிளாஸ்டரில் ஊற்றி டேபிளில் வரிசையாக அடுக்குகிற மேல்தாடையும் கீழ்த்தாடையும் இப்படி ஒரு மீனின் முகத்தில் ஆரம்பித்தவை. அன்றைக்கு லேபில் எட்டு மாடல் காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், டெலிவரிக்கு வந்த பையன் இரண்டு தடவை கூப்பிட்டானாம்.

திருப்பி அனுப்பாமல் நானே சரிசெய்தேன், அதை எழுதாமல் விட்டால் வாங்கப்போகிறவர்களுக்குப் பிரயோஜனம் இருக்காது. தலைக்கும் தோளுக்கும் நடுவே ஒட்டிய கோட்டில் மெல்லிய டிஸ்க் விட்டுப் பைய அறுத்தேன், பசைதான் என்பதால் சுலபமாகப் பிரிந்தது. சைக்கிள் கடையில் இரண்டு சின்ன பால்ஸ் வாங்கி வந்து, தோள் கவசத்தில் இரண்டு பக்கமும் பாதி வெளியே தெரிய பதித்து, தலைப்பக்கம் அதற்குக் குழி எடுத்தேன். தாடை ஆணியைப் பிடுங்கிவிட்டு 19 கேஜ் கம்பி. இடதுபக்கத் துளையை அடைத்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி மறுபடி துளை போட்டதும் கடி ஒருவாறு வந்தது, மீதியை நீலக் காகிதம் வைத்து வைத்து உரசிச் சரிசெய்தேன். இப்போது விளிம்புகள் உரசிக் கடக்கின்றன. பள்ளிக்கூடக் கண்காட்சியில் மருமகன் ஒரு சாம்பார் வெங்காயத்தை வைத்துத் தலையைப் பின்னால் தள்ளி விட்டுக் காட்டினான், வெட்டியது. ரெசின்தான், பாக்குக்கு ஆசைப்பட வேண்டாம்.

வாங்கலாமா என்றால், மண்டை ஓட்டுக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன், அந்த மூன்றும் வார்ப்புக்கு. அலமாரியில் வைக்க மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம், தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தாடை எப்படி வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்றால் கையில் ஒரு மைக்ரோ மோட்டாரும் (அறுக்கவும் துளைக்கவும் நாங்கள் வைத்திருக்கிற சின்ன மோட்டார்) ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கு இந்த விலை அதிகம். கல் தகட்டை, அசல் என்று போட்டிருக்கும் வரை, தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. துளையை அடைக்க நான் வைத்தது எங்கள் செல்ஃப் க்யூர் அக்ரிலிக் (பொடியும் திரவமும் கலந்தால் தானே இறுகுவது). அதன் திரவம் இந்த பெயின்டைத் தின்றுவிடுகிறது, இடது கன்னத்தில் ஐந்து பைசா அளவுக்கு வெள்ளையாகிவிட்டது. சுற்றிலும் முதலில் வாஸலின் தடவிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் இரண்டு டியூப் எபாக்ஸி போதும், அது பெயின்டை ஒன்றும் செய்யாது, காய ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும்.